பதினேழாயிரம் கிலோமீட்டரும் ஒரு நாளும்

லண்டன் மாநகருக்கும் ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகருக்கும் இடையேயுள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். உலகின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர் அளவினதாதலால், பூமியின்மேல் எந்த இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றிற்கிடையே ஏறத்தாழ 20,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு இருக்க இயலாது. அந்த எல்லையை ஓரளவு நெருங்கி நிற்கும் இரு பெருநகரங்கள் இவை. ஒன்றில் கோடை என்றால் மற்றொன்றில் குளிர்காலம். ஒன்றில் காலை விளக்கு அணையும்போது மற்றொன்றில் மாலை விளக்கு ஏற்றப்படும்.

இந்தக் கணக்கில் எங்களுக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் வினவலாம். எங்கள் மூத்த மகள் லண்டனில் மருத்துவமனையொன்றில் செவிலியாகப் பணிபுரிகிறாள். இளைய மகன் சிட்னியில் பொறியாளன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் இருவரும் தமிழகத்தின் தென்கோடியில், எங்கள் பழைய வீட்டில் வாழ்கின்றோம். இத்தகைய குடும்பங்கள் நம் பங்குகளில் இன்று ஒன்றிரண்டு அல்ல. பிள்ளைகள் ஆளுக்கொரு கண்டத்தில் வாழ, பெற்றோர் ஊரில் தங்கியிருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உள்ளன. ஆகவே இத்தொலைவைப் பற்றி நாங்கள் கேட்டும் படித்தும் பட்டும் அறிந்தவற்றைப் பகிர்ந்துகொள்வது பலருக்கும் பயன்படும் என்று எண்ணுகிறோம்.

முதலில் ஒரு வியப்பான செய்தி. லண்டனிலிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு சுமார் 8,200 கிலோமீட்டர்; சென்னையிலிருந்து சிட்னிக்குச் சுமார் 9,100 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 17,300. நேர்வழியைவிட 300 கிலோமீட்டர் அளவே மிகுதி. உலக உருண்டையில் ஏறக்குறைய எதிரெதிராக அமைந்த ஊர்களுக்கு நடுவே, வழி சற்று வடக்கே விலகினாலும் தெற்கே விலகினாலும் தொலைவில் பெரிய வேறுபாடு நேர்வதில்லை. ஆகவே நம் சென்னை அவ்விரு நகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவழியில் அமைந்துவிட்டது. மகளும் மகனும் தராசின் இரு தட்டுகளைப்போல் இருபுறமும் இருக்க, நடுமுள்ளாக நாங்கள் நிற்கின்றோம்.

கப்பல் நாள்கள்

இன்றைய வேகத்தின் அருமையை உணரவேண்டுமானால் பண்டைய தாமதத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். நம் கடற்கரை மக்களுக்கு நெருக்கமான புனித சவேரியார் 1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். மொசாம்பிக்கில் பல மாதங்கள் தங்கிக் காத்திருந்து, 1542-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள்தான் கோவாவில் கரையிறங்கினார். பதின்மூன்று மாதப் பயணம்! ஒரு கடிதம் எழுதி அதற்கு மறுமொழி பெறுவதற்குள் ஆண்டுகள் உருண்டோடிவிடும்.

சிட்னி நகரின் தொடக்கமும் அத்தகைய நெடும் பயணம் ஒன்றில்தான் உள்ளது. 1787-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து பதினொரு கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் பெரும்பாலோர் தண்டனை பெற்ற கைதிகள். அக்கப்பல்கள் 1788-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் சிட்னித் துறையில் வந்து நின்றன. இடைப்பட்ட நாள்கள் 258. சிறு குற்றத்திற்காக நாடு கடத்தப்பட்ட ஒரு மகனைத் தாய் கரையில் நின்று வழியனுப்பினால், அது அவளுக்கு ஏறக்குறைய இறுதிச் சடங்கைப் போன்றதே. அவன் உயிரோடு போய்ச் சேர்ந்தானா என்பதை அறியவே ஓராண்டுக்கு மேல் ஆகும்.

பின்னர்ப் பாய்மரக் கப்பல்கள் விரைவு பெற்றன. கட்டி சார்க் என்னும் புகழ்பெற்ற கப்பல் 1885-இல் ஆட்டுமயிர்ச் சரக்குடன் சிட்னியிலிருந்து லண்டனுக்கு 73 நாளில் ஓடிற்று. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் நீராவிக் கப்பல்களுக்கு வழி குறுகிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐந்தாறு வாரத்தில் சென்று சேரலாம் என்ற நிலை வந்தது. அன்று அதுவே பெருவேகம்.

வானத்தில் திறந்த வழி

1919-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முப்பது நாளுக்குள் விமானத்தில் வந்து சேரும் ஆஸ்திரேலியர்க்குப் பத்தாயிரம் பவுன் பரிசு என்பதே அது. முதல் உலகப் போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்த காலம். விமானம் என்பது மரச்சட்டத்தில் துணி போர்த்திய பொறி. மூடிய அறை கிடையாது. விமானி மழையிலும் பனியிலும் திறந்த வெளியில் அமர்ந்தே ஓட்ட வேண்டும்.

ராஸ் சுமித், கீத் சுமித் என்ற உடன்பிறந்தார் இருவரும், பென்னட், சையர்ஸ் என்ற இயந்திர வல்லுநர் இருவரும் நவம்பர் 12-ஆம் நாள் லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். கெய்ரோ, பாஸ்ரா, கராச்சி, தில்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர் எனத் தாவித் தாவிச் சென்றனர். சாவகத்தீவின் சுரபாயாவில் விமானத்தின் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. உள்ளூர் மக்கள் தத்தம் வீடுகளின் மூங்கிற் பாய்களைக் கொண்டுவந்து தரையில் விரித்து ஓடுபாதை அமைத்துக் கொடுத்தனர். அப்பாய்களின்மேல் ஓடித்தான் விமானம் மேலெழுந்தது. டிசம்பர் 10-ஆம் நாள் அவர்கள் டார்வினில் இறங்கியபோது 28 நாள் நிறைவதற்கு நான்கு மணி நேரம் குறைவாயிருந்தது. அப்போட்டியில் புறப்பட்ட வேறு இரு விமானங்கள் விழுந்து நான்கு வீரர் உயிர் நீத்தனர். நாம் இன்று போர்வை போர்த்து உறங்கிக்கொண்டே கடக்கும் வழி, அவ்வாறு உயிர்கொடுத்துத் திறந்த வழியாகும்.

1935-இல் பயணிகளுக்கான ஒழுங்கான போக்குவரத்துத் தொடங்கிற்று. குவாண்டாஸ் நிறுவனமும் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேசு நிறுவனமும் வழியைப் பங்கிட்டுக்கொண்டன. பிரிஸ்பேன் நகரிலிருந்து லண்டனுக்குப் பன்னிரண்டரை நாள். அதிலும் ஐரோப்பாவில் ஒரு பகுதியை இரயிலிலே கடக்கவேண்டியிருந்தது. 1938-இல் நீரில் இறங்கும் பெரும் விமானங்கள் வந்தன. அவை நம் நாட்டில் இராசபுதனத்து இராசசமந்த் ஏரியிலும், குவாலியரிலும், அலகாபாத்திலும், கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றிலும் இறங்கிச் சென்றன. பயணிகள் இரவில் விடுதிகளில் தங்கி, விடிந்தபின் மீண்டும் ஏறுவார்கள். ஒன்பது, பத்து நாளில் பயணம் முடியும்.

இரண்டாம் உலகப் போரில் 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்ததும் அவ்வழி அறுந்தது. அறுந்ததை மீண்டும் இணைத்த இடம் நமக்கு அண்டையிலுள்ள இலங்கையே. காலி நகருக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு 1943 முதல் 1945 வரை ‘கட்டலினா’ என்னும் கடல் விமானங்கள் பறந்தன. இடையில் நிலமே இல்லை; இந்தியப் பெருங்கடல் மட்டுமே. பகைவர் அறியாதிருக்க வானொலி பேசுவதில்லை. விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டனர். எரிபொருளின் சுமையால் மூன்று பயணிகளுக்குமேல் ஏற்ற முடியவில்லை. வேகம் குறைவாதலால் ஒரு பயணம் 27 மணி முதல் 32 மணி வரை நீடித்தது. ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் எழுவதைப் பயணிகள் கண்டனர். அதனால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று அப்பயணத்துக்குப் பெயர் வழங்கிற்று. பயணம் செய்தவர்களுக்கு அப்பெயரால் ஒரு சான்றிதழும் தரப்பட்டது. இவ்வாறு 271 முறை கடலைக் கடந்தனர்.

1947-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் குவாண்டாஸ் நிறுவனம் தன் சொந்த விமானத்தையே முழுவழியும் ஓட்டத் தொடங்கியது. அவ்வழிக்குக் ‘கங்காரு வழி’ என்று பெயர். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஆறு இடங்களில் தங்கித் தாவிச் சென்றமையால் அப்பெயர் மிகவும் பொருந்திற்று. 29 பயணிகள், 11 பணியாளர். பறந்த நேரம் 55 மணி. மொத்தப் பயணம் நான்கு நாள். போகவர 585 பவுன் கட்டணம். அன்றைய தொழிலாளி ஒருவரின் ஓராண்டுச் சம்பளத்துக்கும் மேலான தொகை அது. தொலைவு குறைந்தது உண்மையே. ஆனால் செல்வருக்கு மட்டுமே குறைந்தது.

ஒரே தாவல்

1959-இல் செட் விமானம் வந்தபின் நாள்கணக்கு மணிக்கணக்காயிற்று. 1971-இல் ஜம்போ எனப்பட்ட பெருவிமானங்கள் இவ்வழியில் வந்ததும் இருக்கைகள் பெருகின, கட்டணம் இறங்கிற்று, செவிலியரும் தொழிலாளரும் மாணவரும் ஏறத் தொடங்கினர். எங்களைப் போன்ற குடும்பங்களின் கதை உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது எனலாம்.

இன்று பெரும்பாலான பயணிகள் இவ்வழியை இரண்டு தாவல்களில் கடக்கின்றனர். லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 10,900 கிலோமீட்டர். பதின்மூன்று மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குச் சுமார் 6,300 கிலோமீட்டர். எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இடையில் தங்கும் நேரத்தையும் சேர்த்து 22 முதல் 24 மணி நேரம். மேலைக்காற்று உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், லண்டனிலிருந்து சிட்னி செல்வோர்க்கு அது துணை. சிட்னியிலிருந்து லண்டன் செல்வோர்க்கு அது தடை. ஆகவே திரும்பும் பயணம் ஓரிரு மணி நேரம் நீளும்.

இடையில் நிற்காமல் ஒரே மூச்சில் பறக்கலாகாதா? பறக்கலாம், இடர்ப்பாடு எரிபொருளில்தான் உள்ளது. நெடுவழிக்கு வேண்டிய எரிபொருள் முழுவதையும் புறப்படும்போதே சுமக்கவேண்டும். அச்சுமையைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் வேண்டும். அதைச் சுமக்க இன்னும் வேண்டும். பாலைவனம் கடக்கும் வணிகன் தண்ணீர்க் குடங்களை ஏற்றி ஏற்றி, இறுதியில் சரக்குக்கு இடமின்றிப் போன கதைதான். 1989-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் குவாண்டாஸின் புதிய 747 விமானம் ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு நில்லாமல் பறந்தது. கட்டணப் பயணிகள் ஒருவருமில்லை. ஓடுதளம்வரை தன் எரிபொருளைச் செலவிடக்கூடாதென்று அதை இழுவை வண்டியால் இழுத்துச் சென்றனர். 20 மணி 9 நிமிடத்தில் அது சிட்னி சேர்ந்தது.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெர்த் நகரிலிருந்து லண்டனுக்குப் பயணிகளுடன் நில்லாப் போக்குவரத்துத் தொடங்கிற்று. 14,498 கிலோமீட்டர், சுமார் பதினேழு மணி நேரம். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு 52 பேருடன் ஒரு சோதனைப் பயணம் நடந்தது. 19 மணி 19 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அவர்களின் உறக்கம், உணவு, களைப்பு அனைத்தும் ஆராயப்பட்டன. அத்திட்டத்துக்குச் ‘சூரியோதயம்’ என்று பெயரிட்டமை கொக்கலை ஏரியிலிருந்து பறந்த அந்த வீரர்களை நினைவுகூர்ந்தே. முழுவழிக்கும் பயணிகளை ஏற்றிச் செல்லத்தக்க 12 விமானங்களைக் குவாண்டாஸ் நிறுவனம் 2022-இல் கேட்டு வாங்க முடிவு செய்தது.

258 நாள், 73 நாள், 28 நாள், பன்னிரண்டரை நாள், 4 நாள், இறுதியில் ஒரு நாளுக்கும் குறைவு. தொலைவோ அன்றும் இன்றும் ஒன்றே.

எது அண்மை, எது சேய்மை?

இவையெல்லாம் படித்தறியும் செய்திகள். 2023-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் எங்கள் குடும்பத்துக்கு இத்தொலைவு வேறொரு முகத்தைக் காட்டிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஒன்றரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. லண்டனில் அப்போது திங்கள் இரவு ஒன்பது மணி. “மாமா, அவளுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. அறுவைக்கு அழைத்துப் போகிறார்கள். அத்தையைப் பதறவேண்டாமென்று சொல்லுங்கள்” என்றார் மருமகன். அவர் குரலே பதறிக்கொண்டிருந்தது. வீட்டில் ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு குழந்தைகள். அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் அவர்களுடன் அமர்ந்திருந்தார்.

சிட்னியில் அப்போது செவ்வாய்க் காலை ஆறு மணி. மகனை எழுப்பிச் சொன்னோம். “அம்மா, நான் போகிறேன்” என்றான். வேறொன்றும் பேசவில்லை. அன்று பிற்பகல் நான்கு மணி விமானத்தில் ஓரிடம் கிடைத்தது. கடைசி நேரத்து டிக்கெட்டாகையால் அதன் விலை அவனது ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது.

அவன் ஏறி அமர்ந்தபின் எங்களுக்கு ஒரு புதுத் துன்பம் தோன்றிற்று. எங்கள் பிள்ளைகள் இருவரில் ஒருத்தி மயக்க மருந்தில் கிடக்கிறாள்; ஒருவன் செய்தி எட்டாத வானத்தில் இருக்கிறான். நாங்கள் நடுவில் அமர்ந்து செபமாலை சொன்னோம். மாலையில் மருமகன் பேசினார். அறுவை நன்கு முடிந்தது. இரத்தத்தில் நச்சு பரவியிருப்பதால் இரண்டு நாள் தீவிரக் கண்காணிப்பில் இருக்கவேண்டும். கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள் என்றார். நம் நேரப்படி இரவு ஏழரை மணிக்கு மகன் சிங்கப்பூரில் இறங்கி எங்களை அழைத்தான். “கண் விழித்தாளாம்” என்ற ஒரு சொல்லைத்தான் அவனிடம் சொன்னோம். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு, “சரி அப்பா, அடுத்த விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்” என்றான்.

புதன் காலை ஆறரை மணிக்கு அவன் லண்டனில் இறங்கினான். ஒன்பது மணிக்கு அக்காளின் கட்டிலருகே நின்றான். “தம்பி, நீ எப்படியடா அதற்குள் வந்தாய்?” என்று அவள் கேட்டாளாம். தொலைபேசி ஒலித்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை நாளே ஆயிற்று. ஐந்து நாள் தங்கினான். அக்காள் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றான், கஞ்சி காய்ச்சினான், மருமகனை இரவில் உறங்கச் செய்தான். ஆறாம் நாள் மீண்டும் 17,000 கிலோமீட்டர் பறந்து வேலைக்குத் திரும்பினான்.

அவனினும் பாதித் தொலைவில் இருந்த நாங்கள் என்ன ஆனோம்? சென்னையிலிருந்து லண்டன் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணந்தான். ஆனால் எங்களுக்கு விசா வேண்டும். மகன் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவனாதலால் அவனுக்கு அன்று அது தேவைப்படவில்லை. நாங்கள் விண்ணப்பம் நிரப்பி, வங்கிக் கணக்கும் ஓய்வூதியச் சான்றும் வீட்டுப் பத்திரமும் இணைத்து, சென்னை சென்று கைரேகை பதித்து வந்தோம். விசா கைக்கு வர நான்கு வாரம் ஆயிற்று. ஐந்தாம் வாரத்தில் நாங்கள் லண்டன் சென்று வீட்டுக் கதவைத் தட்டியபோது, மகளே வந்து கதவைத் திறந்தாள்.

யாரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு நாட்டுக்குள் நுழைவோரைச் சோதிப்பது அந்நாட்டின் உரிமை. ஆயினும் ஓர் உண்மை அன்று எங்களுக்குத் தெளிவாயிற்று. 17,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தவன் ஒன்றரை நாளில் வந்தான்; 8,200 கிலோமீட்டர் தொலைவில் இருந்தவர்கள் ஐந்து வாரம் கழித்து வந்தார்கள். எனவே ஒரு குடும்பத்துக்குத் தொலைவு என்பது கிலோமீட்டர் அன்று. விமானம் பறக்கும் மணி நேரமும் அன்று. அழைப்புக் கேட்ட நேரத்துக்கும் கையைப் பற்றும் நேரத்துக்கும் இடைப்பட்டதே உண்மையான தொலைவு. அதில் விமானத்தின் பங்கு ஒரு நாள் மட்டுமே. ஏனையவை தாள்கள், பணம், விடுப்பு, உடல்நலம் ஆகியன. இவற்றோடு ‘நான் போகிறேன்’ என்று தயங்காமல் சொல்லும் மனமும் சேரவேண்டும்.

மூன்று கடிகாரங்கள்

எத்துணை விரைவான விமானமும் குறைக்க முடியாத தொலைவு ஒன்றுண்டு. அது கடிகாரத்தின் தொலைவு. லண்டனைவிடச் சிட்னி, சூன் மாதத்தில் ஒன்பது மணி நேரம் முந்தியிருக்கும். சனவரியில் பதினொரு மணி நேரம். இரு நாடுகளும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதும், அங்குக் கோடை வருங்கால் இங்குக் குளிர் வருவதுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அக்காள் பணி முடிந்து இளைப்பாறும்போது தம்பி பணிக்கு ஓடுகிறான். தம்பி இரவுணவுக்கு அமரும்போது அக்காள் காலைப் பரபரப்பில் இருக்கிறாள்.

இதிலும் நம் நாடு நடுவிடத்தையே பெற்றுள்ளது. சூன் மாதத்தில் இந்திய நேரம் லண்டனுக்கு நாலரை மணி முந்தியும், சிட்னிக்கு நாலரை மணி பிந்தியும் நிற்கும். சனவரியில் இருபுறமும் ஐந்தரை மணி. ஆண்டில் சில வாரங்கள் நீங்கலாக, எங்கள் வீட்டுக் கடிகாரம் பிள்ளைகள் இருவரின் கடிகாரங்களுக்கும் சரிநடுவில் ஓடுகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து, பகலுணவும் முடிந்து, ஒரு மணிக்கு நாங்கள் அமர்ந்தால், சிட்னியில் மாலை வெளிச்சம். லண்டனில் காலை வெளிச்சம். இருவரும் விழித்திருக்கும் அந்த நேரமே எங்கள் குடும்பம் கூடும் நேரம். பேசுவதற்குப் பெரிய செய்தி ஒன்றும் இராது. பேரப்பிள்ளைக்குப் பல் விழுந்தது, மகன் வீட்டுத் தோட்டத்தில் கறிவேப்பிலை துளிர்த்தது, பக்கத்து வீட்டு அக்காளுக்குக் கண் அறுவை முடிந்தது என்பன போன்ற சிறு செய்திகளே. ஆயினும் அச்சிறு செய்திகளை ஒவ்வொரு வாரமும் கேட்டு வந்தமையால்தான், அன்று ஆறு மணிக்கு எழுப்பப்பட்ட தம்பிக்கு அக்காள் வீட்டுக் குழந்தைகளின் பள்ளியும், மருமகனின் பணிநேரமும், சாவி இருக்கும் இடமும் முன்னரே தெரிந்திருந்தன. பழக்கம் அறாத வீட்டுக்கே உதவி விரைந்து போகும்.

பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு

இவ்வனுபவத்தால் நாங்கள் கைக்கொண்டிருக்கும் சில ஏற்பாடுகளைக் கூறி முடிக்கின்றோம். கடவுச்சீட்டு காலாவதியாகும்வரை காத்திராமல் ஓராண்டுக்கு முன்னரே புதுப்பித்துக்கொள்கிறோம். பிள்ளைகள் உள்ள நாட்டுக்குப் பலமுறை செல்லத்தக்க நெடுங்கால விசா கிடைக்குமாயின், பயணம் இல்லாத நாளிலேயே அதைப் பெற்று வைத்துக்கொள்வது நன்று. ஓர் அவசரப் பயணத்துக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி, வேறெந்தச் செலவுக்கும் அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துள்ளோம். முதியோர் நெடுந்தொலைவு பறக்கும்போது மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி தண்ணீர் பருகவேண்டும். ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவேண்டும். அசையாது அமர்ந்திருந்தால் காலின் நரம்பில் இரத்தம் உறைந்து கேடு விளைவிப்பதுண்டு.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. உடன்பிறந்தார் பெற்றோர் வழியாக மட்டுமே உறவு கொண்டிருத்தல் கூடாது. நாங்கள் நடுவில் இருக்கும்வரை தராசு நிற்கும். நாங்கள் இல்லாத நாளிலும் லண்டனும் சிட்னியும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளவேண்டும். ஆதலால், ஞாயிறு பிற்பகலில் நாங்கள் சிறிது பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். அக்காளும் தம்பியும் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த அறையில் அமர்ந்து, சொற்கள் விளங்காத அந்தப் பேச்சொலியைக் கேட்டுக்கொண்டிருப்பது எங்களுக்குப் பெரும் நிறைவு.

1787-இல் போர்ட்ஸ்மவுத் கரையில் நின்ற தாய்க்குத் தன் மகனை மீண்டும் காண்போம் என்ற உறுதி இல்லை. அவளுக்கும் அவனுக்கும் நடுவே எட்டரை மாதக் கடல் கிடந்தது. அக்கடலை அறிஞரும் வீரரும் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாக உழைத்து ஒரு நாளாகச் சுருக்கித் தந்துள்ளனர். உலகின் எந்த மூலையில் நம் பிள்ளைகள் வாழ்ந்தாலும் அவர்கள் 20,000 கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றனர். எஞ்சியுள்ள தொலைவில் பெரும்பகுதி நம் வீட்டிலேயே உள்ளது. அதைக் குறைப்பது நம் கடமை. அதற்கு அவசரச் செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.